ஹசரங்க விட்டுச்சென்ற இடம்

ஐந்து தொடர்களில் நான்கு கிண்ணங்கள். லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணியின் கணக்கு இது. 2020இல் ஸ்டாலியன்ஸாக ஒன்று. 2021, 2022, 2024இல் கிங்ஸாக மூன்று. நழுவியது 2023 மட்டும். இப்படியான அணியின் வீரர் தெரிவில் குறை காண என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. ஒவ்வொரு தொடருக்கும் முன்னர் யாரைத் தக்கவைப்பது, யாரை நேரடியாக ஒப்பந்தம் செய்வது, யாரை ஏலத்துக்கு விடுவது என்று எடுக்கும் முடிவுகளைக் கிண்ணத்தை மட்டும் வைத்து அளந்துவிட முடியாது.

வனிந்து ஹசரங்கவை எடுத்துக்கொள்வோம். முதல் தொடரில் 17 விக்கெட்டுகளை வீழ்த்தித் தொடரின் நாயகனானவர். அதே அணியில் யாழ். மத்திய கல்லூரியிலிருந்து வந்த விஜயகாந்த் வியாஸ்காந்தும் இருந்தார். 2020 டிசம்பர் 4ஆம் திகதி, தனது 19ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், அம்பாந்தோட்டையில் களமிறங்கினார். முதல் விக்கெட் அஞ்சலோ மெத்யூஸ். கொரோனா காலம் என்பதால் மைதானத்தில் பார்வையாளர் இல்லை. ஆனால் குடாநாட்டில் தொலைக்காட்சி இருந்த வீடெல்லாம் அந்தப் பந்தைப் பார்த்தது.

இருவரும் லெக் ஸ்பின்னர்கள். தேசிய அணியின் நட்சத்திரம் ஒரு பக்கம் நிற்கும்போது, அதே வகைப் பந்து போடும் இளைஞனுக்கு நான்கு ஓவர் எங்கிருந்து வரும்? இரண்டு தொடர்களாக அவருக்குக் கிடைத்தவை சொற்ப வாய்ப்புகள். 2022இல் ஹசரங்க கண்டிக்குத் தலைவராகப் போனார். எங்கள் பக்கத்தில் பலருக்குக் கோபம், எனக்கும் கவலை. ஆனால் காலியான அந்த இடத்தில் வியாஸ்காந்த் நின்றார், 13 விக்கெட்டுகள் எடுத்தார், கிண்ணமும் வந்தது. பிறகு பங்களாதேஷ், ஐக்கிய அரபு இராச்சியம் என்று அழைப்புகள். 2024இல் காயமடைந்த ஹசரங்கவுக்குப் பதிலாக சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அழைத்ததும் இவரைத்தான். மே 8ஆம் திகதி லக்னோவுக்கு எதிராக நான்கு ஓவர், 27 ஓட்டங்கள், விக்கெட் இல்லை. அன்றைய ஆட்டத்தில் டிராவிஸ் ஹெட்டும் அபிஷேக் சர்மாவும் பத்து ஓவருக்குள் இலக்கைத் தாண்டியதைத்தான் உலகம் பேசியது. நாங்கள் பேசியது அந்த 24 பந்துகளை.

ஹசரங்க போனதால் இழப்பே இல்லை என்று சொல்லவில்லை. 2023இல் அவர் 279 ஓட்டங்களும் 19 விக்கெட்டுகளும் எடுத்து இரண்டு பட்டியலிலும் முதலிடம் பிடித்தார். தோற்றால் வெளியேற வேண்டிய எலிமினேட்டர் ஆட்டத்தில் எங்களுக்கு எதிராக 9 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள். பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆனால் அந்தத் தோல்விக்கான காரணத்தை நான் வேறிடத்தில் தேடுகிறேன். 2022 இறுதியாட்டத்தில் 164 ஓட்ட இலக்கைத் துரத்தியபோது 50 எடுத்தவர் அவிஷ்க பெர்னாண்டோ, 44 எடுத்தவர் சதீர சமரவிக்ரம. தொடரின் நாயகனும் சதீரதான். அடுத்த தொடரில் இருவரும் தம்புள்ளையின் சட்டையில் நின்றார்கள்! அந்த ஆண்டுதான் முதன்முறையாக ஏலம் நடந்தது. எங்கள் அணி டில்ஷான் மதுஷங்கவை 92,000 டொலருக்கு வாங்கியது. ஏலத்தின் ஆகக்கூடிய விலை அது. செலவிட அனுமதிக்கப்பட்ட 5 லட்சம் டொலரில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. மதுஷங்க திறமையான இடதுகை வேகப்பந்து வீச்சாளர், அதில் ஐயமில்லை. ஆனாலும் கிண்ணம் வென்ற துடுப்பாட்ட வரிசையின் இரண்டு தூண்களை விட்டுவிட்டுப் பந்துவீச்சில் பணத்தைக் கொட்டியது பிழையான கணக்கு. ஹசரங்கவின் கூக்ளியை வலைப்பயிற்சியில் பல நாள் எதிர்கொண்ட உள்ளூர் துடுப்பாட்டக்காரர்கள் அன்று எங்களிடம் போதவில்லை.

2024இல் அந்தப் பிழை திருத்தப்பட்டது. அவிஷ்க திரும்பினார், குசல் மெண்டிஸ் வந்தார். நான்கு தொடர்களில் தலைவராக இருந்த திசர பெரேரா கொழும்புக்குப் போக, பொறுப்பு சரித் அசலங்கவிடம் வந்தது. கண்டிக்கு எதிரான தகுதிகாண் ஆட்டத்தில் குசல் சதமடித்தார். வென்றது ஒரே ஓட்டத்தால். இறுதியாட்டத்தில் காலி 184 எடுத்தது. ரைலி ரூசோ 53 பந்துகளில் 106, குசல் 72, இருவரும் ஆட்டமிழக்காமல் ஒன்பது விக்கெட்டுகளால் முடித்துவைத்தார்கள்.

வீரர்களை விடுவதும் வாங்குவதுமான இந்தக் கணக்கு கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதல்ல. கனடாவில் எங்கள் சனம் பார்க்கும் ஐஸ் ஹொக்கியில் மார்ச் மாதம் ஒரு கடைசி நாள் உண்டு. அதற்குப் பிறகு அந்தப் பருவத்துக்கு அணிகள் வீரர்களைக் கைமாற்ற முடியாது. 2025இல் அந்த நாளில் ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் அணி, 1967க்குப் பின் வராத ஸ்டான்லி கிண்ணத்துக்காக, ஃபிரேசர் மின்டன் என்ற இருபது வயது வீரரையும் வருங்காலத் தெரிவு உரிமைகளையும் கொடுத்து அனுபவசாலிகளை வாங்கியது. இரண்டாம் சுற்றில் புளோரிடாவிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்று வெளியேறியது. அதே நாளில் பிராட் மார்ஷாண்டை வாங்கிய புளோரிடா கிண்ணத்தைத் தூக்கியது. கடைசி நேர வியாபாரம் சிலவேளை பலிக்கும். பலிக்காதபோது கொடுத்த இளைஞன் மட்டும் கைவிட்டுப் போயிருப்பான்.

எங்கள் அணி விற்காமலே இளைஞர்களை இழந்தது. 2020 குழாமில் வியாஸ்காந்துடன் கனகரத்தினம் கபில்ராஜ், தெய்வேந்திரம் டினோஷன், செபஸ்தியாம்பிள்ளை விஜயராஜ் ஆகியோரும் இருந்தார்கள். விளையாடும் பதினொருவருக்குள் இடம் நிலைத்தது வியாஸ்காந்துக்கு மட்டுமே. மற்றவர்களின் பெயர் பட்டியலில் இருந்தது, பந்து கையில் இருக்கவில்லை. 1904இலிருந்து மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸும் மோதும் வடக்கின் பெரும் சமரைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஊரின் பெயரில் ஐந்து தொடர்கள் நடந்தும், யாழ்ப்பாணத்தில் ஒரு ஆட்டமும் நடக்கவில்லை. மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு 2025 செப்டெம்பர் 1ஆம் திகதிதான் ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார்.

கிங்ஸ் உரிமையாளருடனான ஒப்பந்தம் 2025இல் முடிவுக்கு வந்தது. அந்த ஆண்டுத் தொடரும் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்து யார் கையில் அணி வந்தாலும் அவர்களிடம் ஒரு ரசிகனின் கோரிக்கை இது: தக்கவைப்போர் பட்டியலில் முதல் பெயராக வியாஸ்காந்தை எழுதுங்கள். வடக்கின் ஒரு வேகப்பந்து வீச்சாளரையும் ஒரு துடுப்பாட்டக்காரரையும் எடுங்கள். ஏலத்துக்கு முன்னரே, அவர்களுக்குத் தொடரில் குறைந்தது மூன்று ஆட்டங்கள் தருவோம் என்று வெளிப்படையாக அறிவியுங்கள்.