வல்லாவின் மொழியாராய்ச்சி: மறுமலர்ச்சி மானுடவாதம் குறித்த ஒரு மதிப்பீடு

மறுமலர்ச்சிக் கால மானுடவாதம் என்றதும் பண்டைய கிரேக்க, உரோமானிய நூல்களைப் போற்றிய இயக்கம் என்றே பலரும் கருதுகின்றனர். இது பாதி உண்மை. பழமையை நன்கு கற்றவர்கள், பழமையின் பெயரால் சொல்லப்பட்டவற்றை ஐயுறவும் கற்றுக்கொண்டனர். இதற்குச் சிறந்த சான்று, இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா 1440இல் இலத்தீனில் எழுதிய ‘கான்ஸ்டன்டைன் நன்கொடை’ பற்றிய ஆய்வுரை.

பேரரசர் கான்ஸ்டன்டைன் தம் தொழுநோய் நீங்கியதற்கு நன்றியாக, உரோமையும் மேற்குப் பேரரசின் ஆட்சியுரிமையும் போப் முதலாம் சில்வெஸ்டருக்கு வழங்கினார் என்கிறது அந்த ஆவணம். போப்பாண்டவர்களின் உலகியல் அதிகாரத்துக்கு இது நெடுங்காலம் ஆதாரமாகக் காட்டப்பட்டது. வல்லாவுக்கு முன்பே கூசாவின் நிக்கோலாஸ் இதன் உண்மைத்தன்மையை ஐயுற்றிருந்தார். வல்லாவோ அதன் சொற்களையே விசாரணைக்கு உட்படுத்தினார். உரோமானிய ஆணையில் ‘சத்ரப்’ என்னும் பாரசீகப் பதவிப்பெயர் எப்படி வந்தது? கான்ஸ்டன்டிநோபிள் நகரம் உருவாகும் முன்பே அது திருச்சபைத் தலைமைப்பீடமாகக் குறிக்கப்படுவது எவ்வாறு? அவருடைய வாதங்களில் இன்றும் அசைக்க முடியாதவை இத்தகைய கேள்விகளே. அந்த ஆவணம் 8ஆம் நூற்றாண்டளவில் புனையப்பட்டது என்பதே இன்றைய அறிஞர்களின் பொதுக் கருத்து.

ஆனால் நூல் முழுவதும் ஒரே தரத்தில் இல்லை. கான்ஸ்டன்டைனின் மக்களும் செனட்டரும் சில்வெஸ்டரும் பேசுவதாக வல்லா கற்பனை உரைகளை அமைக்கிறார். இவை சொல்வன்மையைக் காட்டுகின்றன, சான்றாகா. ஆவணத்தின் கொச்சை இலத்தீனை அவர் எள்ளி நகையாடுவதும் அத்தகையதே. மோசமான நடை மட்டுமே போலி என்பதற்கு ஆதாரமாகாது. 4ஆம் நூற்றாண்டு அலுவலக மொழியும் சிசரோவின் மொழியிலிருந்து விலகியதே. காலமுரணைக் காட்டும்போது வல்லா ஆய்வாளர். நடையைப் பழிக்கும்போது வழக்குரைஞர்.

அவர் நடுநிலையாளரும் அல்லர். போப் நான்காம் யூஜினுடன் பகை கொண்டிருந்த அரகோன் மன்னர் அல்ஃபோன்சோவின் ஆதரவில் இருந்தபோதுதான் இதை எழுதினார். பின்னர் போப் ஐந்தாம் நிக்கோலாஸ் காலத்தில் அதே போப்பரசின் பணியிலும் சேர்ந்தார். அப்படியானால் அவருடைய முடிவை ஏன் ஏற்க வேண்டும்? ஒரு சொல் எந்தக் காலத்துக்கு உரியது என்பதை எழுதியவரின் நோக்கம் மாற்றிவிடாது. கத்தோலிக்கரோ எதிர்ப்பாளரோ, இலத்தீன் அறிந்த எவரும் அதைச் சரிபார்க்கலாம். 1520இல் மார்ட்டின் லூதர் இந்நூலைப் படித்துப் பெரும் சீற்றம் கொண்டதும் வரலாறு.

எனவே மானுடவாதத்தின் சாதனையைப் பழைய நூல்களை மீட்டெடுத்ததோடு நிறுத்திவிடக் கூடாது. அதிகாரம் நீட்டும் ஏட்டை அதன் சொற்களைக் கொண்டே சோதிக்கலாம் என்ற துணிவை அது மாணவனுக்கும் அளித்தது. வல்லாவின் ஏளனத்தைத் தள்ளிவிடலாம். அவர் கேட்ட கேள்விகளைத் தள்ள இயலாது.