பிஸ்வாஸின் வீடும் பிறரின் நிலமும்

வி. எஸ். நைப்போல் ஆங்கிலத்தில் எழுதி 1961 ஆம் ஆண்டு வெளிவந்த 'மிஸ்டர் பிஸ்வாஸுக்கு ஒரு வீடு' என்னும் நாவலைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரு கருத்துத் தவறாது முன்வைக்கப்படுகின்றது. அந்நாவலில் வரும் வீடு ஒரு குறியீடு. கூட்டுக் குடும்பத்தின் நெருக்குதலினின்றும் விடுபட்டுத் தன்னைத் தானாக நிறுவிக்கொள்ள முனையும் தனிமனிதனின் சுதந்திர வேட்கையை அது குறித்து நிற்கின்றது என்பதே அக்கருத்து. இது பிழையென்று கூறுவதற்கில்லை. ஆயின் 'குறியீடு' என்று கூறி முடித்த மாத்திரத்தே மரமும் தகரமும் ஆணியும் வட்டியும் நம் பார்வையினின்றும் நழுவிவிடுகின்றன. அந்நிய மண்ணிலே வீடு கட்டுபவனுக்கு வீடு முதலில் வீடாகத்தான் இருக்கின்றது. அதன் விலை என்ன, கடன் யாரிடம், நிலம் யாருடையது என்னும் கேள்விகளே அவனது உறக்கத்தைக் கெடுப்பவை. இக்கேள்விகளோடு நாவலை மீண்டும் படிக்கும்போது, விமர்சகர் பலர் கடந்து சென்ற ஒரு செய்தி தெளிவாகப் புலப்படுகின்றது.

அச்செய்தி நாவலின் முன்னுரைப் பகுதியிலேயே உள்ளது. நாற்பத்தாறு வயதில், நான்கு பிள்ளைகளுக்குத் தந்தையாக, பத்திரிகை வேலையையும் இழந்து நோயுற்றிருக்கும் பிஸ்வாஸின் கணக்கை ஆசிரியர் ஒரு எழுதுவினைஞரைப் போன்று ஒப்புவிக்கிறார். சிக்கிம் வீதியிலுள்ள வீட்டின் மேல் மூவாயிரம் டொலர் கடன். நான்கு வருடமாக அது தீரவில்லை. எட்டு வீத வட்டியாக மாதம் இருபது டொலர். அதற்கு அடுத்தபடியாக, நிலவாடகை மாதம் பத்து டொலர். அதே பகுதியில்தான், பூமியில் தனக்குரிய பங்கைக் கோராமலே இறந்துபோவது எத்துணை கொடியது என்ற பொருள்பட ஆசிரியர் உணர்ச்சிப் பெருக்கோடு எழுதுகின்றார். விமர்சகர் மேற்கோள் காட்டுவது இப்பகுதியையே. பூமியின் பங்கைப் பெற்றுவிட்டதாகச் சொல்லப்படும் மனிதன் அந்தப் பூமிக்கு மாதந்தோறும் வாடகை செலுத்திக்கொண்டிருந்தான் என்பதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாவலின் உரைநடை ஒன்றைச் சொல்ல, அதன் கணக்குப் புத்தகம் வேறொன்றைச் சொல்கின்றது. எனக்குக் கணக்குப் புத்தகத்தின் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

பிஸ்வாஸ் திரினிடாட்டிலே பிறந்தவர். அவ்வாறாயின் அது அவருக்கு எவ்வாறு அந்நிய நாடாகும் என்று வினவலாம். 1845 தொடக்கம் 1917 வரை ஒப்பந்தக் கூலிமுறையின் கீழ் 1,40,000 க்கும் மேற்பட்ட இந்தியர் அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலானோர் வட இந்தியர். சென்னையிலிருந்து கப்பலேறியோரும் அவர்களிடையே இருந்தனர். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்பது வாக்குறுதி. தோட்டத்துரைமாருக்கோ கைகள் தேவைப்பட்டன. ஆகவே 1869 முதல் சில காலம், திரும்பிச் செல்லும் கப்பற் செலவை விட்டுக்கொடுப்போருக்கு அதற்கு ஈடாக நிலம் வழங்கும் ஏற்பாடும் இருந்தது. நிலம் கொடுக்கப்பட்டது ஊரை மறப்பதற்கான விலையாக. நாவலில், அர்வாக்காஸ் கடைவீதியில் ஹனுமான் இல்லத்தின் முன் மாலைதோறும் கூடும் முதியவர்கள் இந்தியாவுக்குத் திரும்புவது பற்றியே பேசுகின்றனர். வாய்ப்பு வந்தபோதோ பலர் போகத் துணியவில்லை. பழகிப்போன தற்காலிகத்தை விட்டுச் செல்ல அவர்களால் இயலவில்லை. பிறந்த இடம் எதுவாயினும், இந்தத் தற்காலிகம் தலைமுறை தாண்டிக் கையளிக்கப்படும்வரை அந்நாடு அந்நியமாகவே இருக்கும். பிஸ்வாஸ் எதிர்த்து நிற்பது மாமியாரை மாத்திரமன்று, இத்தற்காலிகத்தையுந்தான்.

இனி, நிலம் பற்றிய செய்திகளை நாவல் நெடுகிலும் தொடர்ந்து நோக்குவோம். பிஸ்வாஸின் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருந்தது. தந்தை குளத்தில் மூழ்கி இறந்தபின், அயலவன் இரவிரவாக வந்து புதையல் தேடித் தோட்டத்தைக் கிளறுகின்றான். ஈற்றில் நிலம் அவனுக்கே விற்கப்படுகின்றது. பின்னாளில் அங்கு எண்ணெய் கண்டுபிடிக்கப்படுகின்றது. வளர்ந்து பத்திரிகையாளராகித் தாம் பிறந்த இடத்தைத் தேடிச் செல்லும் பிஸ்வாஸ் காண்பது எண்ணெய்க் கிணறுகளையும் இயந்திரங்களையுமே. அதன்பின் அவர் தமக்கென மூன்று வீடுகளைத் தேடுகின்றார். கிரீன் வேலில் அவர் கட்டும் வீடு துளசி குடும்பத்தின் தோட்டத்தில், மாமியாரின் மைத்துனரான சேத்தின் அனுமதியுடன் நிற்பது. ஷோர்ட்ஹில்ஸில் கட்டியதும் அக்குடும்பத்தின் வசமிருந்த தோட்டத்திலேதான். தனிமையில் நின்ற அவ்வீட்டைப் பிள்ளைகள் வெறுத்தனர், அது விரைவில் கைவிடப்பட்டது. மூன்றாவது, வாடகை நிலத்தில் நிற்கும் சிக்கிம் வீதி வீடு. ஆக, நாவல் முழுவதிலும் பிஸ்வாஸுக்கு வீடு கிட்டுகின்றது. நிலம் ஓர் அடியேனும் கிட்டவில்லை.

இம்மூன்றுள் கிரீன் வேல் அத்தியாயமே என்னை மிகவும் பாதித்தது. அங்கு பிஸ்வாஸ் வகிக்கும் பதவியை நமது தோட்டப்புற வழக்கிற் சொன்னால் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் இடைப்பட்டதெனலாம். தொழிலாளரை மேற்பார்வை செய்பவர், ஆனால் அவர்கள் வாழும் நீண்ட லயத்திலேயே ஓர் அறையில் குடியிருப்பவர். அறைச் சுவர்களில், முன்பு குடியிருந்தவர் ஒட்டிய பத்திரிகைத் தாள்கள் இருக்கின்றன. அத்தாள்களின் தலைப்பு வரிகள் அவரை விடாது துரத்துகின்றன. மனம் பேதலிக்கும் வேளையில் அவற்றையே மீண்டும் மீண்டும் படிக்கின்றார். இப்பகுதியை முதன்முதலில் நூலகத்திற் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். மலையகத்துத் தோட்டமொன்றின் லயக் காம்பராவில் வளர்ந்த நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியது, என் தாயார் சுவரில் ஒட்டியிருந்த வீரகேசரித் தாள்களிலேதான். அடுப்புப் புகை படிந்து பாதி மறைந்த செய்திகள் சில இன்றும் எனக்கு மனப்பாடம். உலகின் மறுகோடியில், வேறொரு பயிருக்காக, அதே துரைத்தனம் அதே வகைக் கட்டடத்தை எழுப்பியிருக்கின்றது. அதற்குள் அகப்பட்டவரும் ஒரே செயலைச் செய்திருக்கின்றனர்.

அந்த லயத்தினின்றும் வெளியேறவே பிஸ்வாஸ் வீடு கட்டத் தொடங்குகின்றார். கையிற் பணமில்லை. மக்ளீன் என்னும் தச்சர் வருகின்றார். நாவலின் மிகச் சிறந்த உரையாடல்களுட் சில இவ்விருவருக்கும் இடையில் நிகழ்பவை. ஒருவருக்கொருவர் மரியாதை குறையாமல், ஒருவரின் வறுமையை மற்றவர் கண்டுகொள்ளாதவர்போற் பேசிப் பேசியே சிக்கனங்கள் தீர்மானிக்கப்படுகின்றன. அறுத்த மரத்துக்குப் பதிலாகக் காட்டுக் கிளைகள்; புதுத் தகரத்துக்குப் பதிலாகப் பழைய தகரம். தகரத்தின் ஓட்டைகளை அடைத்த தார் வெயிலில் உருகிக் கறுத்த பாம்புகளைப்போற் கூரையிலிருந்து தொங்குகின்றது. வீடு கட்டிப் பார்த்தவருக்கே இத்தகைய விவரங்கள் கைவரும் என்று எண்ணத் தோன்றுகின்றது. பின்பு புயல் வருகின்றது. மகன் ஆனந்தோடு அவ்வரைகுறை வீட்டில் அவர் கழிக்கும் இரவு உலக நாவல் இலக்கியத்தின் மகத்தான பகுதிகளுள் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் வீட்டை முற்றாக அழித்தது புயலன்று. தொழிலாளர் அதற்குத் தீ மூட்டினர். இச்செய்தி, ஹனுமான் இல்லத்திற் படுக்கையிற் கிடக்கும் பிஸ்வாஸுக்குப் போகிற போக்கிற் சொல்லப்படுகின்றது. ஏன் தீ மூட்டினர்? தோட்டத் தொழிலாளர் வாடகைக்கெடுத்துப் பயிர்செய்துவந்த நிலங்களை மீளப்பெறச் சேத் தீர்மானித்தான். அத்தீர்மானத்தை அவர்களிடம் எடுத்துச் சென்று நிறைவேற்றியவர் பிஸ்வாஸ். அவர்களது பகை அன்று தொடங்குகின்றது. அவர் வளர்த்த நாயும் அப்பகையிற் கொல்லப்படுகின்றது. இவை யாவும் நாவலில் உள்ளனவே. நான் வலிந்து புகுத்தியவை அல்ல. எனினும் நைப்போல் இவற்றைப் பிஸ்வாஸின் அச்சத்தின் ஊடாக மட்டுமே நமக்குக் காட்டுகின்றார். தொழிலாளர் இருளில் நிற்கும் பகைவராக வருகின்றனரேயன்றி நிலமிழந்த மனிதராக வருவதில்லை. அவர்களுள் ஒருவருக்கேனும் மனத்தில் நிற்கும் முகம் இல்லை. மக்ளீனின் வறுமைக்கும் கௌரவத்துக்கும் இத்தனை பரிவு காட்டிய பேனா இவ்விடத்தில் ஏன் கஞ்சத்தனம் காட்டவேண்டும்? லயத்திலிருந்து வெளியேறும் ஒருவரின் கதையைச் சொல்ல, லயத்திலேயே தங்கிவிட்டோரை இருளில் நிறுத்த வேண்டியதாயிற்று. இதுவே அந்நாவலின் குறை என்று கருதுகின்றேன். பெரிய நாவலின் பெரிய குறை.

இவ்வாறு எழுதுவதற்கு எனக்குத் தகுதியுண்டா என்ற கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமும் மலையக மக்களை எவ்வாறு எண்களாகப் பங்கிட்டன என்பதை இவ்விதழின் வாசகர் அறிவர். பிரசாவுரிமைச் சிக்கல் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. வீட்டுக்குரிய நிலமோ அதற்கும் வெகு பின்னரே, குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்ற அளவில், சிலருக்குக் கிடைக்கத் தொடங்கியது. எங்கள் தோட்டத்திலும் வீட்டுத்தொகுதியொன்று எழுந்தது. அது எழுந்த சரிவில் அதற்கு முன் சிலர் போஞ்சியும் கோவாவும் பயிரிட்டுப் பிழைத்தனர். அந்நிலத்துக்கு அவர்களிடம் எந்த உறுதியும் இருக்கவில்லை. ஆகவே கேட்பாரும் இருக்கவில்லை. அளவைக் கட்டைகளை நட்ட அன்றிரவு யாரோ அவற்றைப் பிடுங்கி ஓடையில் எறிந்துவிட்டனர். மறுநாள் மீண்டும் நடப்பட்டன. அவ்வீடுகளுள் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. என் தாயார் இன்று அதன் முன் ரோசாச்செடி வளர்க்கின்றார். நிலமிழந்தவருள் ஒருவர் பக்கத்து லயத்தில் இருக்கின்றார்; நான் விடுமுறைக்குச் செல்லும்போது வழியிற் கண்டால் 'படிப்பு எப்படி' என்று கேட்பார். கிரீன் வேல் தொழிலாளருக்கு நைப்போல் முகம் கொடுக்கவில்லை என்று எழுதும்போது அவரது முகமே எனக்குத் தோன்றுகின்றது.

சிக்கிம் வீதி வீட்டுக்கு வருவோம். சட்டத்தரணி ஒருவரின் எழுதுவினைஞர் தாமே கட்டிய வீட்டை விற்கின்றார். தேநீர், திரைச்சீலைகள், மெழுகிட்ட தரை ஆகியவற்றிலே மயங்கிய பிஸ்வாஸ் ஐயாயிரத்து ஐந்நூறு டொலருக்கு உடன்படுகின்றார்; பணம் உறவினரான அஜோதாவிடம் கடன். குடிபுகுந்த பின்னரே மாடிப்படி பின்புறத்தில் ஒட்டவைத்தாற்போற் தொங்குவதும், சில சாளரங்கள் மூட மறுப்பதும், பிற்பகல் வெயிலில் மாடி கொதிப்பதும் தெரியவருகின்றன. ஏமாற்றப்பட்டதை உணர்ந்து குடும்பமே வாயடைத்துப் போகின்றது. பின்னர் உறவினரான டட்டில் குடும்பத்தார் வீடு பார்க்க வருகின்றனர். பிஸ்வாஸ் ஏமாந்த அதே காட்சியில் அவர்களும் மயங்கி வியந்து செல்கின்றனர். வீட்டின் குறைகளை மறைக்கும் கலை விற்றவரிடமிருந்து வாங்கியவருக்குக் கைமாறிவிட்டது! நகைச்சுவையாகச் சொல்லப்படும் இவ்விடத்திலேதான் வீடு உண்மையில் அவர்களுடையதாகின்றது என்பேன். சில வாரங்களுள் பிள்ளைகளின் கண்கள் குறைகளைக் காணாதிருக்கப் பழகிவிடுகின்றன.

இவ்வீட்டினால் மாறுவது யார் என்று நோக்கின், அது பிஸ்வாஸன்று, ஷாமாவே. வீட்டை வாங்குவதை அவள் ஆதரிக்கவில்லை. மணமான நாள் முதலாய்ச் சண்டை வந்தபோதெல்லாம், பிள்ளைப்பேறு வந்தபோதெல்லாம் அவள் ஓடியது தாய்வீடாகிய ஹனுமான் இல்லத்துக்கே. கணவன் வேலையிழந்த செய்தி வரும்போது அவள் தாயிடம் போக நினைக்கவில்லை என்பதை முன்னுரை இரண்டொரு வாக்கியங்களிற் கூறிச் செல்கின்றது. அவளது பற்று இடம் மாறிவிட்டது. நாவலின் தலைப்பு பிஸ்வாஸுக்கு ஒரு வீடு என்றிருந்தாலும், கடனோடு அவ்வீட்டில் எஞ்சி வாழப்போகின்றவள் ஷாமா. அவளது பார்வையில் இக்கதை எழுதப்பட்டிருந்தால் அது இன்னும் சிக்கனமான, ஒருவேளை இன்னும் கசப்பான நாவலாக இருந்திருக்கும்.

நைப்போலின் தந்தையார் சீபர்சாத்தும் பத்திரிகையாளரே. போர்ட் ஒஃப் ஸ்பெயினில் நேபால் வீதியில் அவருக்கும் ஒரு வீடு இருந்தது. 1953 இல் அவர் இறந்தபோது மகன் இங்கிலாந்தில் இருந்தார். 2018 இல் தாம் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். நாவலிலும் ஆனந்த் வரவில்லை. மகள் சாவி திரும்பிவந்து வேலை தேடிக்கொள்கின்றாள். தந்தை ஒருபோதும் கண்டிராத சம்பளம் அது. பிணம் அவ்வீட்டிலேயே வைக்கப்படுகின்றது. துளசி குடும்பத்துப் பெண்கள் திரண்டு வருகின்றனர். அத்தனை பேரின் பாரத்தையும் அந்த மோசமான கட்டடம் தாங்கிக்கொள்கின்றது. கிரியைகள் முடிந்து அவர்கள் தத்தம் இல்லங்களுக்குச் சென்றபின், ஷாமாவும் பிள்ளைகளும் தங்கள் காரில் வெறுமையான வீட்டுக்குத் திரும்புகின்றனர். நாவல் அத்துடன் நின்றுவிடுகின்றது. அடுத்த மாதமும் நிலவாடகை பத்து டொலர்.