பொல்லடி அண்ணாவியாரும் நவீன நடன ஆக்குநரும்: பயிற்சி பற்றிய ஒரு நோக்கு

நவீன நடனக் கலைஞர் ஒருவரை அறிமுகஞ் செய்யும்போது, அவர் யாரிடம் எதனைப் பயின்றார் என்பதே முதலிற் கூறப்படுகின்றது. ஒரே ஆசிரியரிடம் ஒரே மரபை மாத்திரம் கற்றவர் இன்று அருகிவிட்டனர். பல்வேறு பயிற்சிகளினூடாகத் தமக்கென ஓர் ஆடல்மொழியை உருவாக்கிக்கொண்டவரே நடன ஆக்குநர் எனப் போற்றப்படுகின்றார். இவ்வளவுகோலை நாம் ஏற்கின்றோம். ஆயின், இதே அளவுகோலைக் கல்முனைக் கரையோரத்துப் பொல்லடி அண்ணாவியாருக்குப் பிரயோகிக்க நமது கலை விமர்சனம் ஏன் முன்வரவில்லை என்பதே ஈண்டு எழுப்பப்படும் வினாவாகும்.

முதலில் மூவரின் பயிற்சி வரலாற்றை நோக்குவோம். சிங்கள நவீன நடனத்தின் முன்னோடியான சித்திரசேன (1921-2005) கிராமத்துக் குருமாரிடம் கண்டிய நடனம் பயின்றவர், பின்னர் திருவிதாங்கூர் சென்று கதகளி கற்றார், சாந்திநிகேதனத்திலும் பயின்றார். மீனவர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட 'கரதிய' (1961) அப்பல்வகைப் பயிற்சியின் விளைவு. சென்னையில் வாழ்ந்த சந்திரலேகா (1928-2006) எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்றவர். அரங்கை விட்டு நெடுங்காலம் விலகி, எழுத்திலும் சுவரொட்டி வரைவிலும் பெண்விடுதலை இயக்கத்திலும் ஈடுபட்ட பின், 'அங்கிகா' (1985) வழியாக மீண்டபோது, பரதத்தோடு களரிப்பயிற்றையும் அவர் மேடைக்குக் கொணர்ந்தார். இலண்டனில் வங்காளதேச முஸ்லிம் குடும்பத்தில் 1974இல் பிறந்த அக்ரம் கான், சிறுவயதிலேயே பிரதாப் பவாரிடம் கதக் பயின்றார்; பீற்றர் புறூக்கின் மகாபாரதத்தில் ஏகலைவனாக நடித்தார்; பல்கலைக்கழகத்தில் நவீன நடனமுங் கற்று, 2000இல் தமது குழுவை நிறுவினார்.

இம்மூவரின் வாழ்விலும் ஓர் உண்மை பொதுவாக உள்ளது. தொழில், போர்க்கலை, நாடகம், ஊர்வழக்கு ஆகிய யாவும் அவர்களது ஆடலுக்குப் பயிற்சிக் களங்களாயின. அவை பயிற்சியென ஏற்கப்பட்டமைக்குக் காரணம், அவற்றைப் பதிவு செய்வதற்குக் கல்லூரிகளும் திறனாய்வாளரும் சஞ்சிகைகளும் இருந்தமையே.

இனி நமது கரைக்கு வருவோம். மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை நீளும் முஸ்லிம் ஊர்களில் வழங்கிய பொல்லடி, களிகம்பு எனவும் பெயர் பெறும். இரு கைகளிலும் பொல்லேந்தியோர் இரட்டைப்பட எண்ணிக்கையில் வட்டமிட்டு நிற்பர். அண்ணாவியார் பாட்டெடுப்பார். இறைவனையும் நபிகள் நாயகத்தையும் போற்றித் தொடங்குவது வழக்கு. பாட்டின் நடை விரைய விரைய அடியும் விரையும். எதிரே நிற்பவனின் பொல்லைத் தட்டி, திரும்பி, அடுத்தவனின் பொல்லை ஏற்று, இடம்மாறிச் செல்லும் ஒவ்வோர் ஆட்டக்காரனும் மற்றையோர் அனைவரின் அசைவையும் தன்னுள் கணித்தவாறே இயங்குகின்றான். ஒருவன் தவறினால் வட்டம் முழுவதும் குலையும். தனிமனிதத் திறனைக் காட்டும் ஆடலன்று இது. கூட்டு உழைப்பின் ஒழுங்கு ஆடலாக உருமாறிய வடிவம் எனலாம்.

இவ்வட்டத்தை வகுப்பவரும், அடியையும் பாட்டையும் பொருத்துபவரும், புதியோரைப் பழக்குபவரும் அண்ணாவியாரே. 'நடன ஆக்குநர்' என நாம் இன்று வழங்கும் சொல்லுக்குரிய தொழில் முழுவதும் அவரிடத்து உண்டு. அவரது பயிற்சியும் பல்வகைப்பட்டது. சீனடி, சிலம்படி ஆகிய தற்காப்புக் கலைகளின் காலடியும் உடல் திருப்பமும் பொல்லடியோடு நெருங்கியவை. களரியைச் சந்திரலேகா எடுத்தாண்டபோது அதனைப் புதுமை என வியந்த நாம், சிலம்படிக்காரன் பொல்லெடுத்து ஆடியபோது 'பொழுதுபோக்கு' என்றோம். நெசவோ மீன்பிடியோ வேளாண்மையோ செய்து வாழ்ந்தவராதலால், அவர் முழுநேரக் கலைஞர் என்னும் வகைக்குள் அடங்கவுமில்லை. சான்றிதழ் எதனையும் பெறவுமில்லை.

பெண்களைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசமானது. கலியாண வீட்டுக் குரவையும் பெருநாட் காலத்து றபான் அடியும் வீட்டினுள்ளேயே கைமாறிய தாளப் பயிற்சிகள். அவை கலைப்பயிற்சி என்ற பெயரைக்கூடப் பெறவில்லை.

'அண்ணாவியார்' என்னும் சொல்லே ஒரு வரலாற்றுச் சான்றாகும். மட்டக்களப்புக் கூத்தரும் கரையோர முஸ்லிம்களும் தம் ஆசானை இச்சொல்லால் அழைத்தனர். எனினும், இரு மரபுகளும் பிற்காலத்தில் அடைந்த கதி வேறுபட்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது, வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் பல்கலைக்கழக மாணவருக்கு ஆசானானார். அக்கூத்தில் ஆடிய மாணவருள் ஒருவரான சி. மௌனகுரு, பின்னர் ஆய்வாளராகவும் நெறியாளராகவும் வளர்ந்து 'சங்காரம்' போன்ற ஆக்கங்களைத் தந்தார். கிராமத்து வட்டக்களரிக்கும் பல்கலைக்கழக அரங்குக்கும் இடையே ஒரு பாதை திறந்தது. பொல்லடிக்கு அத்தகைய பாதை திறக்கவில்லை. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் நாட்டார் பாடல்களை அரிதின் முயன்று தொகுத்தனர். சொல் காக்கப்பட்டது, அடி காக்கப்படவில்லை.

பாடசாலைக் கல்வியும் இவ்விடைவெளியைக் குறைக்கவில்லை. தமிழ்மொழி மூலம் நடனம் என்றால் பரதமே. சித்திரத்தைத் தெரிவு செய்து அழகியற் பாடத்தை நிறைவு செய்யும் முஸ்லிம் மாணவருக்குத் தம் பாட்டனார் ஆடிய ஆட்டம் ஒரு பாடமாகலாம் என்ற எண்ணமே எழுவதில்லை. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே அமைந்த காரைதீவில் 1892இல் பிறந்தவர் விபுலாநந்தர். அவர் பெயர் தாங்கி மட்டக்களப்பில் இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகம் நடனங் கற்பிக்கின்றது. அவரது ஊரின் இருமருங்கிலும் வழங்கிய ஆடல், நடனம் என்ற சொல்லின் எல்லைக்கு வெளியே நிற்பது நமது தமிழ்க் கலைநோக்கின் குறைபாடன்றி வேறென்ன?

குறைபாடு ஒருபக்கத்தது மட்டுமன்று. ஆடலும் இசையும் மார்க்கத்துக்கு ஒவ்வாதன என்னுங் கருத்து முஸ்லிம் சமூகத்தினுள் அண்மைப் பதிற்றாண்டுகளில் வலுப்பெற்றுள்ளது. மார்க்கத் தீர்ப்புக் கூறுவது நமது பணியன்று. ஆயினும் இறைபுகழோடு தொடங்கிய ஓர் ஆடலை மூதாதையர் தலைமுறை தலைமுறையாகப் பேணினர் என்பது வரலாறு. அதனை மறைத்துவிட்டு விவாதிப்பது நேர்மையாகாது. மறுபுறத்தில், அரசியற் பிரமுகரை வரவேற்கும் ஊர்வலத்தின் முன்னே பொல்லடிக் குழுவை ஆடவிடுவதே கலை வளர்ப்பு எனக் கருதுவோரும் உளர். வட்டமாக ஆடவேண்டிய ஆட்டம், பிரமுகரின் நடைக்கேற்ப நேர்கோடாக நகரும்போது அதன் அமைப்பே சிதைகின்றது. புறக்கணிப்பைப் போன்றே இத்தகைய ஆதரவும் கலையைக் கொல்லும்.

கேரளத்தின் அனுபவம் இங்கு ஒப்புநோக்கத் தக்கது. மலபார் மாப்பிள்ளை முஸ்லிம்களின் கோல்களி பொல்லடிக்கு நெருங்கிய உறவுடையது. 1957இல் தொடங்கிய மாநிலப் பாடசாலைக் கலைவிழாவில் கோல்களியும் தப்முட்டும் பெண்களின் ஒப்பனையும் காலப்போக்கில் போட்டிகளாக இடம்பெற்றன. இதனால் மரபறிந்த ஆசான்களுக்குப் பாடசாலைகளிற் பயிற்றுநர் பணி கிடைத்தது. கற்றவர் தொகையும் பெருகியது. அதேவேளை, குறுகிய நேரத்துக்குள் நடுவரைக் கவரும் வேகமே கலையாகிவிடும் அபாயமும் தோன்றியது. நன்மையை ஏற்று, அபாயத்தை முன்னறிந்து தவிர்க்கும் வாய்ப்பு நமக்குண்டு.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, எஞ்சியுள்ள அண்ணாவிமாரின் பயிற்சி வரலாறுகள், யாரிடம் கற்றனர், எந்த அடியை எவரிடமிருந்து பெற்றனர், எதனைத் தாமே ஆக்கினர் என்ற விபரங்களோடு, அவர்கள் வாழும்போதே பதிவாதல் வேண்டும். இரண்டாவது, ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் மட்டக்களப்பு நிறுவகமும் இணைந்து அவர்களை வருகைதரு ஆசான்களாக அழைத்தல் வேண்டும். 1962இல் பேராதனையில் இயன்றது இன்று இயலாததன்று. மூன்றாவது, கரையோர இளைஞன் ஒருவன் பொல்லடியையும் சிலம்படியையும் அடித்தளமாகக் கொண்டு புதிய ஆடலொன்றை ஆக்க முனைந்தால், அதனை 'நாட்டார் கலை' என ஒதுக்காது, நவீன நடனத்துக்குரிய கடுமையோடே நமது விமர்சனம் மதிப்பிடல் வேண்டும்.

பயிற்சி என்பது சான்றிதழில் எழுதப்படுவது மட்டுமன்று. உழைக்கும் மனிதரின் உடலில் எழுதப்படுவதுமாகும். அதை வாசிக்கக் கற்பதே இன்று நமது விமர்சனத்தின் முதற் பணி.