போர்ட்டின் அளவைப் பெட்டியா சொல்லும்?

காருக்குச் சப்வூஃபர் பெட்டி செய்பவர்களிடையே ஒரு கைக்கணக்கு பல நாடுகளிலும் வழங்குகிறது: பெட்டியின் ஒவ்வொரு கன அடிக்கும் போர்ட்டின், அதாவது பெட்டியின் காற்றுக் குழாயின், வாய் 12 முதல் 16 சதுர அங்குலம் இருக்க வேண்டும். அதன் நன்மையை மறுக்க முடியாது. சூத்திரம் அறியாதவரும் அதைப் பின்பற்றலாம். காற்று இரையும் அளவுக்கு ஒடுங்கிய குழாயை வைத்துவிடாமல் அது காக்கும். ஆனால் கண்டி வீதிகளில் ஓடும் ஆல்டோ, வேகன் ஆர் போன்ற சிறு கார்களின் டிக்கிக்கு அதை அப்படியே கொண்டுவருவது பிழை. போர்ட்டின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது பெட்டியின் கொள்ளளவு அல்ல, குழாய்க்குள் ஓடும் காற்றின் வேகம்.

50 லீற்றர் பெட்டி ஒன்றை 35 ஹெர்ட்ஸுக்கு இசைப்பதாகக் கொள்வோம். கைக்கணக்குக் கேட்பது ஏறத்தாழ 15 செ.மீ. உள்விட்டமுள்ள குழாய். வாய் அகன்றால் அதே சுருதிக்கு நீளமும் கூடியாக வேண்டும். 10 செ.மீ. குழாய்க்குச் சுமார் 31 செ.மீ. நீளம் போதும், 15 செ.மீ. குழாய்க்கோ 75 செ.மீ. வேண்டும், அது 13 லீற்றர் இடத்தையும் விழுங்கும். இடமில்லை என்று நீளத்தை 31 செ.மீ.இல் நிறுத்தினால் சுருதி 50 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அதற்குக் கீழான ஒலிகளில் கூம்பை அடக்கிப்பிடிக்கக் காற்று இராது, ஸ்பீக்கர் சேதமடையலாம். மேலும், அதே ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் வலுவை 400 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குக் குறைத்தால் காற்றின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். கைக்கணக்கோ இரண்டுக்கும் ஒரே வாயைத்தான் சொல்கிறது.

கடுகண்ணாவை ஏற்றத்தில் என்ஜின் முழங்கும்போது குழாயின் இரைச்சல் யாருக்குக் கேட்கப்போகிறது, சிறிய குழாயே போதுமே என்று கேட்கலாம். இரைச்சல் மறையும் என்பது உண்மை, இழப்பு மறையாது. காற்று கொந்தளிக்கத் தொடங்கினால் போர்ட் தரவேண்டிய ஒலி குறையும், கூம்பின் சுமை கூடும். மலைநாட்டுக் காற்றுக்கு வேறு அளவு வேண்டும் என்ற வாதமும் நிற்காது. ஒலியின் வேகத்தை மாற்றுவது உயரமன்று, வெப்பநிலை. 25 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள கண்டியிலிருந்து 15 பாகையில் குளிரும் நுவரெலியாவுக்கு ஏறினாலும் 35 ஹெர்ட்ஸ் சுருதி ஒரு ஹெர்ட்ஸ்கூட இறங்காது.

ஆகவே ஒழுங்கை மாற்ற வேண்டும். ஸ்பீக்கரின் வலுவையும் சுருதியையும் முதலில் முடிவு செய்து, காற்றின் உச்சவேகம் நொடிக்கு 17 மீற்றரைத் தாண்டாத மிகச்சிறிய வாயைத் தேர்வதே முறை. விசாலமான வளைவிளிம்பு இருந்தால் சற்றுக் கூடுதல் வேகத்தையும் ஏற்கலாம். வின்ஐஎஸ்டி போன்ற இலவச மென்பொருள் இக்கணக்கைச் சில நிமிடங்களில் போட்டுத்தரும். அதற்கான நீளம் டிக்கிக்குள் அடங்கவில்லையென்றால் குழாயை வெட்டக் கூடாது. வலுவைக் குறைக்கலாம், அல்லது போர்ட்டே இல்லாத மூடிய பெட்டியைச் செய்யலாம். கைக்கணக்குக்கு உரிய இடம் தொடக்கமே. ப்ளைவுட்டில் வாள் வைக்குமுன் காற்றின் வேகத்தைக் கணக்கிட்டே ஆக வேண்டும்.