குட்டித் திரையின் அழகு

கட்டைவிரல் அளவுக் கருவி, பெயர் ஹார்டுவேர் வாலட். குட்டித் திரை, இரண்டே பொத்தான். கிரிப்டோ நாணயத்துக்கான ரகசியச் சாவி இதற்குள்ளேயே பிறக்கிறது. கணினியில் செருகினாலும் வெளியே வராது. எனக்கு இதன்மேல் பெரும் மதிப்பு.

முதலில் இயக்கும்போது, 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களைக் காட்டும். கருவி தொலைந்தால் சாவியை மீட்பவை இவையே. கையால் எழுதுங்கள், கைபேசியில் படமெடுக்கவே கூடாது. காகிதம் நனையும் என்று அஞ்சினால் எவர்சில்வர் தகட்டில் பொறிக்கலாம். பெரம்பலூர், அரியலூர் பாத்திரக்கடைகளில் பெயர் வெட்டுபவரின் கை நேர்த்தியானதுதான். ஆனால் சொற்களைப் பார்த்தவர் நாணயத்தை எடுத்துவிடலாம் என்பதால், இதை மட்டும் நாமே வெட்ட வேண்டும்.

2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய கிரிப்டோ பரிமாற்ற நிறுவனத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடுபோயின. நாணயத்தை அனுப்ப ஒப்புதல் தந்தவர்களிடம் இத்தகைய கருவிகள் இருந்தன. கணினித் திரையில் கண்டது வேறு, கையெழுத்தானது வேறு என்றது நிறுவனம். ஆகவே பொத்தானை அழுத்துமுன், பெறுபவர் முகவரியைக் குட்டித் திரையில் எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.