துணியில் ஏறும் பச்சை

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பியர்ஸ் என்றொரு சிற்றூர். 2013 செப்டம்பரில் அங்கே ஓர் ஏலம் நடந்தது. 1996-இல் மூடிய லாம்ப்ரெக்ட் செவர்லே விற்பனை நிலையத்தில் விற்காமல் தங்கிப்போன புது வண்டிகளும், மாற்றுக்கு வாங்கிப் போட்ட பழைய வண்டிகளுமாக ஏறத்தாழ 500 ஏலத்துக்கு வந்தன. மொத்தமே 1.3 மைல் ஓடியிருந்த 1958-ஆம் ஆண்டு கேமியோ பிக்கப் ஒன்று 1,40,000 டாலருக்குப் போனது. பளபளவென்று புதுப்பித்த அதே மாதிரி வண்டியை அதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கலாம். வாங்கியவர் பணம் கொடுத்தது தொழிற்சாலையில் அடித்த, யாரும் தொடாத அந்தப் பெயின்டுக்கு.

அந்த ஏலக் களத்தின் ரசனை இப்போது வீட்டுக் கொட்டகைகளிலும் இருக்கிறது. ஒரு காலத்தில் பழைய லாரியைப் புதுப்பிப்பது என்றால் எல்லாவற்றையும் கழற்றி, மணல் வீச்சில் இரும்பை வெளுத்து, பட்டி பார்த்து, புது நிறம் அடிப்பது. கோயில் சுவர்களில் அதே மணல் வீச்சு கல்வெட்டுகளைத் தின்ற கதையை அறிந்த நமக்கு இந்த முறையின் குறை சட்டென்று புரியும். இன்று பலர் எதிர்த் திசையில் போகிறார்கள்: இருக்கிற பெயின்டை இருக்கிறபடி மீட்பது. இந்தப் போக்கு நல்லதுதான். ஆனால் இதன் பெயரால் நடப்பதெல்லாம் நல்லதல்ல.

1947 முதல் 1955 தொடக்கம் வரை வந்த செவர்லே 3100 பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். 1950 வாக்கில், வேறு நிறம் கேட்காதவருக்கு அது ஃபாரஸ்டர் கிரீன் என்ற கரும்பச்சையில் வரும். இன்றைய கார்களைப்போல நிறத்தின் மேல் தனியாகக் கிளியர் கோட் கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சு. வெயில் அதன் மேற்பரப்பில் உள்ள பிசினைச் சிதைக்கும்போது நிறத்தூள் பிடிமானம் இழந்து சுண்ணாம்புபோல் வெளுத்துப் படிகிறது. விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். பார்ப்பவர் பெயின்ட் செத்துவிட்டது என்பார். பெரும்பாலும் மேல்தோல் மட்டும்தான் செத்திருக்கும்.

வீட்டில் செய்யும் வைத்தியம் எளிது. எண்ணெய்ப்பசை மிகுந்த, அராவும் தன்மை இல்லாத பாலிஷைத் தாராளமாகத் தடவி ஓர் இரவு ஊறவிட வேண்டும். மறுநாள் டவல் துணியால் தேய்க்க வேண்டும். துணி பச்சையாகும், பூச்சில் ஆழம் திரும்பும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபின் மென்மையான பாலிஷ், கடைசியில் மெழுகு. கம்ப்ரஸர் வேண்டாம், பெயின்ட் பூத் வேண்டாம். காசைவிடப் பொறுமை அதிகம் கேட்கும் வேலை என்பதால், பட்டறையைவிட வீட்டுக்கே இது பொருந்தும். மணிக்கணக்கில் கூலி வாங்கும் பட்டறைக்காரர் ஓர் இரவு காத்திருப்பாரா?

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. இந்த வண்டிகள் உழைத்த வண்டிகள். கதவில் பண்ணையின் பெயரையோ, பெட்ரோல் நிலையத்தின் பெயரையோ தூரிகையால் எழுதியிருப்பார்கள். விற்கும்போது அதன்மேல் மலிவான பெயின்டைப் பூசி மறைத்திருப்பார்கள். அதைப் பொறுமையாக நீக்கினால் எழுத்து நிழல்போல எழுந்து வரும். புதுப் பெயின்ட் எவ்வளவு உயர்ந்ததானாலும் இதைத் தராது.

குறைகளுக்கு வருவோம். துணியில் ஏறுகிற பச்சை, வண்டியிலிருந்து இறங்குகிற பச்சை. திரும்பத் திரும்பத் தேய்த்தால் பானெட்டின் விளிம்பிலும் மட்கார்டின் முகட்டிலும் முதலில் அடிப்பூச்சு தெரியும். அதன்பின் எந்தப் பாலிஷும் அதை மீட்காது. அக்காலப் பச்சை, மஞ்சள் பெயின்டுகள் பலவற்றில் ஈயக் குரோமேட் உண்டு. காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் குழந்தைகள் நடமாடும் வீட்டில்தான் படியும். ஈரமாகத் தேய்ப்பதும், கையுறையும், துணியைத் தனியே ஒதுக்குவதும் கட்டாயம்.

என் பெரிய சண்டை துருவை அழகாக்குவதோடு. துரு நோய். பெயின்டின் மேல் வழிந்த துருக்கறையை ஆக்சாலிக் அமிலக் கரைசலால் நீக்கலாம். நச்சுத்தன்மை உள்ளது என்பதால் கவனம் வேண்டும், பின்னர் நன்றாகக் கழுவ வேண்டும். அது மீட்பு. ஆனால் துருவின்மேல் ஆளிவிதை எண்ணெயைத் தடவி மினுக்குவது ஒப்பனை. எண்ணெய் நாளடைவில் கருத்து, தூசியைப் பிடித்து, எளிதில் நீங்காத படலமாகிவிடும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். துருவின்மேல் கிளியர் கோட் அடிப்பது இன்னும் மோசம். அடியில் துரு வளர, மேலே பூச்சு உரியும். அதை எடுக்கப்போனால் காப்பாற்ற நினைத்த பெயின்டும் கூடவே வரும். இதற்கும் மேலே போய், நல்ல பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து, இல்லாத கடையின் பெயரைக் கதவில் எழுதிப் பழசாக்குகிறவர்கள் உண்டு. பொய்ப் பத்திரத்தைத் தேநீரில் நனைத்துப் பழசாக்குவதற்கும் இதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

முகத்தில் இவ்வளவு மோகம் கொண்டால் உடம்பு மறந்துபோகும். இந்த மாதிரியில் துரு தின்பது கேபினின் கீழ் மூலைகளையும் தரைத்தகட்டையும். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் இருக்கிறது. ஒரே சுற்று என்பதால் ஒரு குழாய் போனால் நான்கு சக்கரப் பிரேக்கும் போய்விடும். இங்கே பழமைப்பற்று காட்டுவது அறிவீனம். ஓட்டை விழுந்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்ய வேண்டும். ஒட்டிய இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் பழைய பெயின்ட் கருகும். அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு, ஒட்டு தெரியும்படியே நிறம் பூசினால் போதும்.

ஆகவே என் தீர்ப்பு இது: பெயின்ட் இருக்கிற இடத்தில் அதைக் காப்பாற்றலாம், துரு இருக்கிற இடத்தில் அதை நிறுத்த வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு இரும்பு வெளியே தெரிகிற வண்டிக்குப் புதுப் பூச்சே நியாயம். பிரேக்கையும் தரையையும் முடித்தபிறகு பாலிஷ் டப்பாவைத் திறங்கள். துணியில் பச்சைக்குப் பதில் அடிப்பூச்சின் நிறம் லேசாகத் தெரிந்தாலும், அந்த இடத்தில் மறுபடி கை வைக்காதீர்கள்.