5 சதவீதம் எங்கே முடிகிறது? கேஷ்பேக் கார்டுகளும் மாத உச்சவரம்பும்

கேஷ்பேக் கிரெடிட் கார்டு விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது சதவீதம். சின்ன எழுத்தில் இருப்பது உச்சவரம்பு. கார்டுகளை ஒப்பிடும் அட்டவணைகளும் சதவீதத்தை வைத்துத்தான் வரிசைப்படுத்துகின்றன. இந்த வரிசையே தப்பு என்பது என் கட்சி. அதிலும் பூதலூர் மாதிரி நெல் பணத்தில் ஓடும் ஊருக்கு இது ரொம்பத் தப்பு.

கேஷ்பேக் கணக்கு புரோகிராம்ல ஒரே வரிதான். செலவு பெருக்கல் சதவீதம் ஒரு எண், உச்சவரம்பு இன்னொரு எண். ரெண்டில் எது சின்னதோ அது கிடைக்கும். அதனால் உச்சவரம்பைச் சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள், கார்டின் நிஜமான அளவு தெரிந்துவிடும். நான் எடுத்துக்கொண்டது 2025 நடுப்பகுதி நிலவரம்.

ஏர்டெல் ஆக்ஸிஸ் கார்டு: ஏர்டெல் பில்லுக்கு 25 சதவீதம், மாதம் 250 ரூபாய் வரை. அதாவது 1,000 ரூபாய் பில்லோடு கதை முடிந்தது. ஏர்டெல் செயலி வழியாகக் கட்டும் கரண்ட், கேஸ் பில்களுக்கு 10 சதவீதம், அதுவும் 250 வரை. 2,500 ரூபாயில் முடிகிறது.

எச்டிஎஃப்சி மில்லேனியா: ஃபிளிப்கார்ட், அமேசான், மிந்த்ரா, ஊபர், புக்மைஷோ என்று குறிப்பிட்ட பத்து இடங்களில் 5 சதவீதம், மாதம் 1,000 வரை. 20,000 ரூபாயில் முடிகிறது.

எஸ்பிஐ கேஷ்பேக்: ஆன்லைனில் எங்கே வாங்கினாலும் 5 சதவீதம், மாதம் 5,000 வரை. ஒரு லட்சத்தில் முடிகிறது. 2022ல் வந்தபோது இந்த வரம்பு 10,000 ஆக இருந்தது, 2023 மே 1 முதல் பாதியாக்கினார்கள்.

அமேசான் பே ஐசிஐசிஐ: அமேசானில் பிரைம் இருந்தால் 5, இல்லாவிட்டால் 3 சதவீதம். உச்சவரம்பு கிடையாது, ஆண்டுக் கட்டணமும் கிடையாது.

பார்த்தீங்களா? 25 என்று சொன்ன அடுக்கு அதிகபட்சம் கொடுப்பது 250 ரூபாய். 5 என்று சொன்னது 5,000 வரை போகிறது. உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சதவீதம் சொல்வதில்லை. வரம்பை எவ்வளவு சீக்கிரம் தொடுவீர்கள் என்பதை மட்டும்தான் சொல்கிறது.

இனி அந்த "மாதம்" என்ற வார்த்தைக்கு வருவோம். பெரும்பாலான ஒப்பீடுகள் கண்டுகொள்ளாமல் விடுவது இதைத்தான்.

தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதல் 100 யூனிட் இலவசம். ஏர்டெல் ஆக்ஸிஸ் கார்டில் மாதம் 250 என்றால் வருடத்துக்கு 3,000 என்று அட்டவணை போடுவார்கள். நம்ம ஊர் கரண்ட் பில்லோ வருடத்துக்கு ஆறு தடவைதான் வரும். ஒவ்வொரு பில்லும் 2,500ஐத் தாண்டினாலும் அதில் கிடைப்பது 1,500தான். பில் வராத மாதத்தின் 250 அடுத்த மாதத்துக்கு வராது.

கல்லணைக் கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது என்ன நடக்கும்? நம் முறையில் பாய்ச்சாவிட்டால் தண்ணீர் கடந்து போய்விடும், அடுத்த முறைக்குச் சேர்த்துத் தரமாட்டார்கள். மாத உச்சவரம்பும் அதே மாதிரிதான். மாதாமாதம் சம்பளம் வாங்கி, மாதாமாதம் ஒரே அளவு செலவு செய்பவருக்கு இது உறுத்தாது. டெல்டாவில் பணம் அப்படி வருவதில்லை. குறுவை அறுத்தால் ஒரு தடவை, சம்பா அறுத்தால் ஒரு தடவை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் அக்கவுண்டில் ஏறிய பிறகுதான் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். மாதம் 2,000 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்குகிறார்கள். பிப்ரவரியில் மட்டும் கூடுதலாக 60,000க்குப் பொருள். வருடத்துக்கு மொத்தம் 84,000.

மில்லேனியாவில் பதினோரு மாதத்துக்கு 1,100 ரூபாய். பிப்ரவரியில் 62,000 செலவு செய்தாலும் 1,000தான். ஆக 2,100. ஆண்டுக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 1,180. ஒரு லட்சம் செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி, ஆனால் இவர்கள் தொடவில்லை. மிச்சம் 920. அதாவது 1.1 சதவீதம்! இதே 84,000ஐ மாதம் 7,000 என்று பிரித்துச் செலவழிக்கும் குடும்பத்துக்கு அதே கார்டில் மிச்சம் 3,020.

எல்லாவற்றையும் அமேசானிலேயே வாங்கினால், பிரைம் இல்லாத ஐசிஐசிஐ கார்டில் 2,520. ஆக வரம்பில்லாத 3, வரம்புள்ள 5ஐ இங்கே ஜெயிக்கிறது. எஸ்பிஐயில் கட்டணம் போக 3,021. முதலிடம் இதற்குத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குக் காரணம் 5 சதவீதம் அல்ல, வரம்பு ஒரு லட்சத்தில் இருப்பது.

வேறு மாதிரி செய்ய முடியாதா என்றால், முடியும். அமெரிக்காவில் அமெக்ஸ் புளூ கேஷ் பிரிஃபர்டு கார்டு சூப்பர் மார்க்கெட்டில் 6 சதவீதம் தருகிறது, வருடத்துக்கு 6,000 டாலர் செலவு வரை. எந்த மாதத்தில் வாங்கினாலும் ஒன்றுதான். டிஸ்கவர் கார்டில் வரம்பு காலாண்டுக்கு 1,500 டாலர். இங்கேயும் ஃபிளிப்கார்ட் ஆக்ஸிஸ் கார்டில் 2025 ஜூனில் வரம்பு வந்தபோது அது காலாண்டுக்கு 4,000 ரூபாய் என்றுதான் வந்தது. நெல் குடும்பத்துக்கு மாத வரம்பை விடக் காலாண்டு வரம்பு மேல், ஆண்டு வரம்பு அதைவிட மேல்.

அடுத்தது, மேல் அடுக்குக்குள் நம் செலவு எவ்வளவு வருகிறது என்பது. பெட்ரோல், நகை, பள்ளிக் கட்டணம், இன்ஷூரன்ஸ், கரண்ட் பில், வாடகை எதற்கும் எஸ்பிஐ கேஷ்பேக்கில் ஒன்றும் கிடையாது. உரக்கடையில் ஒரு மெஷின் இருக்கிறது, அது ஆதார் கைரேகைக்கு. மளிகைக் கடைக்காரர் ஒட்டி வைத்திருப்பது தன் சொந்தக் கணக்கின் க்யூஆர் என்றால் அதில் கிரெடிட் கார்டு போகாது. வணிகர் க்யூஆர் என்றாலும் ரூபே கார்டு மட்டும்தான் போகும். ஊபரும் புக்மைஷோவும் பூதலூர்க் குடும்பத்தின் செலவில் எத்தனை ரூபாய்? இந்த அடுக்குகளை வகுத்தவர்கள் மனதில் இருந்தது சென்னை, பெங்களூர் ஃபிளாட்டில் இருக்கும் என் மாதிரி ஆள்.

கடைசியாக, இதெல்லாவற்றையும்விடப் பெரிய எண். பில்லை முழுசாகக் கட்டாவிட்டால் இந்தக் கார்டுகளில் வட்டி மாதம் 3.75 சதவீதம் வரை. நெல் பணம் ஒரு மாதம் தள்ளிப்போய், அந்த 60,000 நின்றுவிட்டது என்று வையுங்கள். வட்டி 2,250, அதன்மேல் ஜிஎஸ்டி 405, மொத்தம் 2,655. ஒரு வருடம் சேர்த்த கேஷ்பேக் ஒரே மாதத்தில் போச்சு. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனின் தவணை அறுவடையை அனுசரித்து வரும், உரிய தேதியில் கட்டினால் வட்டியும் இல்லை. கார்டின் பில் தேதிக்கு அறுவடை தெரியாது.

"எந்தக் கார்டு வாங்கலாம்?" என்று ஊரிலிருந்து கேட்கும் சொந்தக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் போன வருடச் செலவை மாதவாரியாக எழுதுங்கள். வரம்பைச் சதவீதத்தால் வகுத்து, உங்கள் பெரிய மாதம் அதற்குள் அடங்குதா பாருங்கள். அடங்கவில்லை என்றால் கட்டணமும் வரம்பும் இல்லாத சின்னச் சதவீதமே போதும். விதிகள் அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் அன்று வங்கியின் தளத்தில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். பணம் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லாத வருடத்தில், பெரிய பொருளைக் கார்டில் வாங்கவே வேண்டாம்.